நானே விண்ணப்பதாரர், நானே அதிகாரி

தமிழ்நாடு அரசு என்னை நம்புகிறது. இந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வாசித்துக் காட்டியபோது என் மனைவி சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்தது.

செய்தி இதுதான். 2024 ஜூலை 22ஆம் தேதி, சுயசான்று அடிப்படையில் உடனடியாகக் கட்டட அனுமதி தரும் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். 2,500 சதுர அடிக்கு மிகாத மனை, அதில் 3,500 சதுர அடிக்கு மிகாத வீடு, தரைத்தளத்துக்கு மேல் அதிகம் போனால் ஒரு மாடி. இந்த வரம்புக்குள் அடங்கினால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, மனையின் போட்டோ, வரைபடம் எல்லாவற்றையும் ஏற்றிக் கட்டணத்தைக் கட்ட வேண்டியது. அனுமதி அப்போதே வந்துவிடும். முன்கூட்டி யாரும் மனையைப் பார்க்க வரமாட்டார்கள். கட்டி முடித்த பிறகு பணி நிறைவுச் சான்றும் கேட்கமாட்டார்கள். விதிப்படிதான் கட்டுவேன் என்று வீட்டுக்காரன் உறுதி சொன்னால் போதும். சொன்ன சொல் தவறினால் அனுமதி ரத்து என்று ஒரு வரியும் இருந்தது. அதை நான் வாசித்துக் காட்டவில்லை.

“உங்களையா நம்புறாங்க? கேஸை ஆஃப் பண்ணிட்டீங்களான்னு கேட்டா, பண்ணிட்டேம்பீங்க. நான் எழுந்து போய்ப் பாத்துட்டுத்தான் படுக்கிறேன். பாவம், கவர்மெண்டுக்கு இது தெரியாது.”

எனக்கும் உள்ளூர ஓர் உறுத்தல் இருந்தது. நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். உர மூட்டைக் கணக்கிலும் நகைக்கடன் லெட்ஜரிலும் பிறர் விட்ட ஓட்டைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவன். தன் கணக்கைத் தானே தணிக்கை செய்யலாகாது என்று எத்தனையோ சங்கச் செயலாளர்களுக்குச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அவர்களில் யாராவது இந்தப் பேப்பரைப் படித்திருந்தால் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

மனையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் செங்கல்பட்டுப் பக்கம் வேனில் அழைத்துப் போய், கலர் கொடி நட்ட பொட்டல் காட்டைக் காட்டி, எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுத்து மனை விற்ற காலம். ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்ரூவ்டு என்ற எழுத்தையும் அதன் பக்கத்தில் ஒரு முத்திரையையும் பார்த்துவிட்டால் தணிக்கைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் என்று தனியாக ஒன்று இருப்பதையும், பஞ்சாயத்துத் தலைவரின் ரப்பர் ஸ்டாம்பு அதற்கு ஈடாகாது என்பதையும் அந்த வேனில் வந்த ஒருவரும் கேட்கவில்லை. சாதம் நன்றாக இருந்தது. வரைபடத்தில் பச்சை மையில் பூங்கா இருந்தது. இப்போது அந்தப் பச்சையில் ஐந்து குடும்பங்கள் வசிக்கின்றன.

2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை போட்டது. என்னைப் போன்ற லட்சாதிபதிகள் அன்று மாலையே வெறும் பென்ஷன்காரர்கள் ஆனோம். அடுத்த வருஷம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன்பு பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் வாங்கிக்கொள்ளலாம் என்றது. நானும் கட்டினேன். மனை வாங்கிய விலையையும் வரன்முறைக்குக் கட்டிய தொகையையும் அருகருகே எழுதிப் பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

அப்புறம் அளவு. பத்திரத்தில் என் மனை நாற்பதுக்கு அறுபது, 2,400 சதுர அடி. அதாவது ஒரு கிரவுண்டு. சொல்லும்போதே நெஞ்சு நிமிரும். பட்டாவிலோ 0 ஹெக்டேர், 2 ஏர், 23 சதுர மீட்டர். பதிவு அலுவலகத்தில் கிரவுண்டுக்காரனாக இருக்கும் நான் தாலுகா அலுவலகத்தில் பூஜ்யம் ஹெக்டேர்காரன். சென்டில் கேட்டால் ஐந்தரை. விதிப் புத்தகம் மீட்டரில் பேசும், மேஸ்திரி அடியிலும் அங்குலத்திலும் பேசுவார், வாஸ்து அய்யா பேசும் அடிக்கு அங்குலமே கிடையாது. சர்வேயர் வந்து புலப்படத்தை விரித்துவைத்து அளந்தபோது வேறொரு உண்மையும் வெளிவந்தது. பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவர் எங்கள் மனைக்குள் எட்டங்குலம் நடந்து வந்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரே அவரை ஹெச்.எம். என்றுதான் கூப்பிடும். அவரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். “எட்டங்குலந்தானே சார்? சுவர்னா அப்படி இப்படித்தான் இருக்கும். நீங்க கட்டறப்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்றார். யார் அட்ஜஸ்ட் பண்ணுவது என்பதை அவர் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையனாக மாறி நானும் கேட்கவில்லை.

வரைபடம் போட ஒரு இன்ஜினியர் தம்பி வந்தார். நல்ல பையன். லேப்டாப்பைத் திறந்து என் மனையைச் செவ்வகமாக வரைந்து, அதற்குள்ளே இன்னொரு செவ்வகத்தைப் புள்ளிக்கோட்டில் வரைந்தார். “இந்தப் புள்ளிக்கோட்டுக்குள்ளதான் சார் வீடு. வெளியே செட்பேக்” என்றார். 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் என்று ஒன்று வந்திருக்கிறது. அதற்கு முன்பு சென்னைக்கு ஒரு விதி, நகராட்சிக்கு ஒரு விதி, பஞ்சாயத்துக்கு ஒரு விதி என்று இருந்ததை ஒரே குடைக்குள் கொண்டுவந்த புத்தகம். ரோட்டின் அகலம், மனையின் அகலம், வீட்டின் உயரம் இவற்றை வைத்து எந்தப் பக்கம் எத்தனை மீட்டர் விட வேண்டும் என்பதை அது சொல்கிறது. எங்கள் தெருவுக்கு முன்பக்கம் ஒன்றரை மீட்டர் வந்தது.

வெளியே போகிற இடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இத்தனைக்கும், ரோட்டை அடைத்துக் கட்டுகிறார்கள், சந்துக்குள் காற்று வரவில்லை, ஆம்புலன்ஸ் நுழைய முடியவில்லை என்றெல்லாம் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி இரண்டு முறை பேரோடு பிரசுரமானவன் நான். காற்றும் வெளிச்சமும் மனிதனுக்கு அவசியம் என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்தில்லை. அவை பக்கத்து வீட்டுக்காரன் நிலத்திலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான். ஹெச்.எம்.முக்கும் இதே கொள்கை. எதிர்வீட்டு மெடிக்கல் ஷாப்காரருக்கும் இதே கொள்கை. அதனால்தான் எங்கள் தெருவில் சனிக்கிழமை துணி உலர்த்தினால் திங்கட்கிழமை காய்கிறது.

இந்த நிலையில் வாஸ்து அய்யா வந்தார். ஈசானிய மூலையைத் திறந்து வையுங்கள், கன்னி மூலையைக் கனமாக்குங்கள், அக்கினி மூலையில் அடுப்பு என்றெல்லாம் சொன்னது வழக்கமானதுதான். பிறகு மனையடி சாஸ்திரத்தைக் கையில் எடுத்தார். படுக்கை அறை பன்னிரண்டுக்குப் பதின்மூன்று என்று தம்பி போட்டிருந்தார். “பன்னிரண்டா? செல்வம் தேயும். பதின்மூன்று பகை வளர்க்கும். பதினொன்று வைங்க, ஹாலுக்குப் பதினாறு வைங்க” என்றார். பதினொன்றுக்குக் குறைப்பதில் சிக்கலில்லை. ஹாலைப் பதினாறுக்கு நீட்டினால்தான் புள்ளிக்கோடு எட்டங்குலம் தாண்டியது. எட்டு என்ற எண்ணுக்கும் எனக்கும் அப்படியொரு பொருத்தம்.

“அய்யா, அந்த எட்டங்குலத்தை ரோட்டுப் பக்கம் நகத்திக்குங்களேன்” என்றார் வாஸ்து அய்யா.

“அது செட்பேக்குங்க” என்றார் தம்பி.

“யார் வந்து பாக்கப் போறா?”

இந்தக் கேள்வியைக் கேட்காமல் தமிழ்நாட்டில் ஒரு வீடும் எழும்பியதில்லை என்று நினைக்கிறேன். என் மனதில் ஓடிக்கொண்டிருந்ததும் அதுவேதான். விதிப்படி யாரும் வரப்போவதில்லை. பார்க்க வேண்டியவன் நான். எனக்கோ கண்புரை ஆபரேஷன் இன்னும் ஆகவில்லை. வாயைத் திறந்து “சரி” என்று சொல்லப்போன நேரத்தில் சமையலறைப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“நான் பாப்பேன்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கட்டட ஆய்வு அதிகாரி பதவி நிரப்பப்பட்டது. சுயசான்று என்றால் குடும்பச் சான்று என்று அவள் பொருள் கொண்டாள். உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவது என் பெயர், நாளைக்கு ரத்தானால் பேப்பரில் வரப்போவதும் என் பெயர், ஆனால் கடைத்தெருவில் நாலு பேர் கேட்கப்போவது அவளை. வாஸ்து அய்யா காபியைக் குடித்துவிட்டு, பதினைந்தே கால் அடியைப் பதினாறாகக் கொள்ளும் மரபும் உண்டு என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மரபுக்குத் தட்சணை தனி.

விண்ணப்பம் போடும்போதுதான் ஒரே வீட்டுக்கு எத்தனை உடம்பு என்று எனக்கே புரிந்தது. அனுமதிக்கான கட்டணம் சதுர அடிக் கணக்கில் என்றதும் என் வீடு வெட்கப்பட்டுச் சுருங்கியது. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நலத்துக்குப் போக வேண்டும், பத்து லட்சத்துக்குள் கட்டுகிற சொந்த வீட்டுக்கு விலக்கு உண்டு என்று அப்போதிருந்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் படித்த இரவில் அதன் மதிப்பு சரேலென்று ஒன்பது லட்சத்து எண்பதாயிரத்துக்கு இறங்கியது. அதே வாரம் வங்கியில் கடன் மனு போட்டபோது எழுந்து நின்று அறுபதைத் தொட்டது. சம்பந்தி வீட்டில் பேசும்போது எல்லாம் சேர்த்து ஒரு கோடி நெருங்கும் என்று நானே சொல்லக் கேட்டேன். தம்பி இதற்கெல்லாம் இடம் தரவில்லை. “பரப்பளவை நான் போடுறேன், மீதியைக் கம்ப்யூட்டர் போட்டுக்கும் சார்” என்று சொல்லிவிட்டார். பணத்தைக் கட்டினோம். டீ ஆறுவதற்குள் க்யூஆர் கோடு போட்ட அனுமதி வந்துவிட்டது.

இத்தனை சீக்கிரம் வந்தது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அந்தக் காலத்தில் பிளான் அப்ரூவல் வாங்கியவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுக் கேட்டு, ஜன்னல் ஜன்னலாக அலைந்து, கடைசியில் ஒரு கர்ஜனை கர்ஜித்து வெல்வதாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு கூடத் தயார். எதற்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

ஹெச்.எம். மட்டும் என்னைக் கைவிடவில்லை. ஒருநாள் பேப்பர் துண்டோடு வந்தார். 2024 டிசம்பர் 17ஆம் தேதி, மீரட் நகர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. கட்டி முடித்ததற்கான சான்றைப் பார்த்த பிறகே மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்புகளைத் தர வேண்டும்; வங்கிகளும் அதைப் பார்த்துத்தான் கட்டடத்தின் மேல் கடன் தர வேண்டும் என்று போட்டிருந்தது. “பார்த்து சார், இருட்டுல உக்காரப் போறீங்க” என்றார். சின்ன வீடுகளுக்கு நம் மாநிலத்தில் அந்தச் சான்றிலிருந்து விலக்கு உண்டு என்று பணிவாகச் சொன்னேன். அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தைப் பார்த்ததும் எட்டங்குலம் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

பூமி பூஜை, வானம் தோண்டியது, போர் போட்டது எல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆய்வு அதிகாரியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நான் சைட்டில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து மேஸ்திரி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவேன். அவர் “கன்சீல்டு பீம்” என்பார், நான் “ஆமாமா, அதுதான் நல்லது” என்பேன். அவள் யூடியூபில் பார்த்துவிட்டு வந்து, கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டு வைத்திருப்பதைக் குனிந்து எடுத்துக் காட்டினாள். காங்கிரீட் இறுகலாக இருக்கிறது என்று சித்தாள் ஒரு வாளி தண்ணீரைக் கூட ஊற்றியபோது அவள் போட்ட சத்தத்தில் மிக்சர் மெஷின் தானாக நின்றது. தளம் போட்ட மூன்றாம் நாள், “போதும்மா, நல்லா காஞ்சிருச்சு” என்று மேஸ்திரி சொன்னார். “காயக் கூடாதுன்னுதானே தண்ணி காட்டறது?” என்று கேட்டுவிட்டு, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொன்னாள். பத்து நாளும் அந்தப் பாத்தியில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு துறையின் கடைநிலை ஊழியனான எனக்கு வந்தது.

ஏன் இத்தனை கெடுபிடி என்று ஒருநாள் கேட்டேன். மௌலிவாக்கத்தை நினைவுபடுத்தினாள். 2014 ஜூன் 28ஆம் தேதி மாலை, மழைக்கு நடுவே, கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் செத்துப்போனார்கள், முக்கால்வாசி பிழைக்க வந்த கூலி ஜனம். அதே வளாகத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். “அதுக்கும் அப்ரூவல் இருந்துச்சுங்க. பேப்பர் சரியா இருந்தா கம்பி சரியா இருக்கும்னு அர்த்தமா?” என்றாள். நான் பேப்பரை மட்டும் பார்த்தே பென்ஷன் வரைக்கும் வந்து சேர்ந்தவன். எழுந்து போய் பாத்திக்குத் தண்ணீர் விட்டேன்.

மழைநீர் சேகரிப்பிலும் என் பாச்சா பலிக்கவில்லை. 2003இல் அது எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஓனர், மொட்டை மாடியிலிருந்து ஒரு பிவிசி பைப்பை இறக்கி, கீழே பூந்தொட்டி மண்ணில் செருகி வைத்திருந்தார். வந்து பார்த்தவர்கள் பைப்பைப் பார்த்தார்கள், போனார்கள். அந்த மேதைமையை நான் எடுத்துச் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. ஆனால் மறுநாளே குழி தோண்ட ஆள் வந்தான். கருங்கல் ஜல்லி, அதன் மேல் மணல், துளை போட்ட மூடி. குழியின் ஆழத்தை எட்டிப் பார்க்கப்போய் என் மூக்குக் கண்ணாடியும் பூமிக்குள் சேகரமானது.

கிரகப்பிரவேசம் ஆயிற்று. கொஞ்ச நாளில் சொத்து வரி போட நகராட்சியிலிருந்து ஒருவர் டேப்போடு வந்தார். என் வாழ்க்கையில் இந்த வீட்டை அளந்துபார்க்க வந்த முதல் அரசாங்க மனிதர். எனக்குக் கை நடுங்கியது. பேசாமல் அளந்தார், வரைபடத்தைக் கேட்டார், ஒத்துப் பார்த்தார், மறுபடி ஹாலை அளந்தார். “என்ன சார், பிளான்ல இருக்கிறபடியே கட்டியிருக்கீங்க?” என்றார். அந்தக் குரலில் பாராட்டை விடக் கவலைதான் அதிகமாக இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்பாரோ என்று பார்த்தேன். “எல்லாம் நம்ம மேற்பார்வைதான்” என்றேன். கதவுக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்டது.

பெருமை ஒரு மாதம் தாங்கியது. தெருவில் யார் கடைக்கால் தோண்டினாலும் போய் நின்று, செட்பேக் எவ்வளவு விட்டிருக்கிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். ஹெச்.எம். என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்கு மாறி நடந்தார்.

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது, “பக்கத்துச் சந்துல வாஷிங் மெஷினை வெச்சு, மேல ரெண்டு தகர ஷீட் போட்டுட்டா மழைக்கு நனையாது” என்றாள் ஆய்வு அதிகாரி.

எனக்குச் சோறு இறங்கவில்லை. “அது செட்பேக்” என்றேன்.

“ஷீட்டு ஒரு கட்டடமாங்க? நாலு ஜிஐ பைப், ரெண்டு தகரம்.”

“புள்ளிக்கோட்டுக்கு வெளியே இருக்கு.”

“சுவத்துல கோடு எங்க இருக்கு? வாஷிங் மெஷின்லாம் ஒரு ஆக்கிரமிப்பா? யார் வந்து பாக்கப் போறா?”

“நான் பாப்பேன்” என்றேன். முப்பத்து சொச்ச வருஷத் தணிக்கை அனுபவத்தைக் குரலில் வரவழைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு என்னை நிதானமாக ஒரு பார்வை பார்த்தாள்.

“நல்லா பாருங்க. மேஸ்திரி நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வர்றார். டேப்பை ஒரு முனையில பிடிக்க ஆள் வேணுமாம்.”

தம்பிக்குப் போன் போட்டு, தகர ஷீட்டுக்கு விதியில் என்ன சொல்லியிருக்கிறது என்று ரகசியமாகக் கேட்டேன். “ரூல் இருக்கு சார், அனுப்புறேன். ஆனா அதை அம்மாகிட்ட நீங்கதான் படிச்சுக் காட்டணும்” என்றார்.

மணி ஆறே முக்கால். டேப் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவளிடமே கேட்டேன்.